பில்லுக்குள் ஒளிந்திருக்கும் 'க'

ஜொகூர் பாருவிலிருந்து காஸ்வே தாண்டி சிங்கப்பூரில் சாப்பிடப் போகிறவர்கள் பில்லைக் கசக்கி எறியாமல் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். விழுக்காட்டுக் கணக்கின் ருசி அதில்தான் இருக்கிறது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணம் 10 விழுக்காடும் ஜிஎஸ்டி 9 விழுக்காடும் தனி என்று அர்த்தம். பில் 59 வெள்ளி 95 காசு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டின் விலை மட்டும் எவ்வளவு?

அவசரக்காரர் 10-ஐயும் 9-ஐயும் கூட்டுவார். 59.95-இல் 19 விழுக்காட்டைக் கழித்து 48.56 என்பார். ஒரே மூச்சில் இரண்டு தப்பு!

ரசிக்கத் தெரிந்தவர் பேனாவைத் தொடுமுன் கேட்பது இதுதான்: எதில் 10, எதில் 9? தெரியாத விலைக்கு 'க' என்று பெயர் வைத்தால் பாதி வேலை முடிந்தது. சேவைக் கட்டணம் சேர்ந்ததும் அது 1.1க. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி அந்தக் கட்டணத்தின் மீதும் விழுகிறது, ஆகவே 1.1க × 1.09 = 1.199க. 59.95-ஐ 1.199-ஆல் வகுத்தால் பிசிறில்லாமல் 50 வெள்ளி. ஏற்றம் 19 அல்ல, 19.9 விழுக்காடு. அந்த 0.9 எங்கிருந்து வந்தது? சேவைக் கட்டணமான 10-க்கும் 9 விழுக்காடு வரி போட்டதில் வந்தது. இந்தக் கணக்கிலேயே அழகான இடம் அந்தச் சின்ன 0.9-தான்.

மலேசியாவுக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. 2015 ஏப்ரல் 1-இல் வந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டி 2018 ஜூன் 1-இல் பூஜ்யமானது. வரியோடு 106 ரிங்கிட்டுக்கு விற்ற பொருள், வரி போனதும் 100 ரிங்கிட். 106-இல் 6 விழுக்காட்டைக் கழித்தாலோ 99.64! ஏறியது 6 விழுக்காடு, இறங்கியது ஏறத்தாழ 5.66 விழுக்காடுதான். ஏறும்போது அடிப்படை 100, இறங்கும்போது 106.

சம்பளத்திலும் இதே கதை. சொக்சோ முதலியவற்றை ஒதுக்கிவிட்டு, இபிஎஃப் 11 விழுக்காடு போகக் கைக்கு வருவது 2,670 ரிங்கிட் என்றால் 0.89க = 2,670; முழுச் சம்பளம் 3,000. கைக்கு வந்ததோடு அதிலேயே 11 விழுக்காட்டைக் கூட்டுகிறவருக்கு 2,963.70 கிடைக்கும். பார்க்க நம்பும்படியாகத்தான் இருக்கும். அதிலிருந்து 11 விழுக்காட்டைக் கழித்துப் பார்த்தால் 2,637.69 ஆகிறது, 32 ரிங்கிட் சொச்சம் உதைக்கிறது.