புரட்டும் விரலும் ஆட்டும் கையும்: எரிக் கார்லின் படநூல் பாவை அரங்கில்

குழந்தைகளுக்கான படநூலொன்று பாவை நாடகமாகும்போது, அசையாப் படங்களுக்கு உயிர் கிடைத்துவிட்டது என்று பாராட்டுவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இப்பாராட்டு, படநூல் அசைவற்றது என்னும் முடிவை ஆராயாமலேயே ஏற்றுக்கொள்கிறது. எரிக் கார்லின் 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' (1969) நூலையும் அதிலிருந்து உருவான இரு பாவை அரங்க ஆக்கங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இம்முடிவு நிலைக்காது.

வண்ணம் தீட்டிய மென்தாள்களை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்ட படங்களைக் கொண்டது இந்நூல். பசித்த புழு திங்களன்று ஓர் ஆப்பிளைத் தின்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சுகளைத் தின்கிறது. இவ்வைந்து நாள்களுக்குரிய தாள்கள் ஒன்றைவிட ஒன்று அகலமானவை. ஆதலால் திங்களின் தாளுக்கு அப்பால் செவ்வாயின் பேரிக்காய்கள் எட்டிப் பார்க்கின்றன. ஒவ்வொரு பழத்திலும் புழு தின்ற இடம் உண்மையான துளையாகவே உள்ளது. நூலைக் கையிலெடுக்கும் குழந்தை முதலில் செய்வது அத்துளைக்குள் விரலை நுழைப்பதுதான். தாளின் மறுபுறம் வெளிவரும் அவ்விரலே அக்கணத்தில் புழுவாகிறது. விரற்பாவைக்கு இதைவிட எளிய வடிவம் இல்லை. குழந்தை இங்கு வாசகர் மட்டுமன்று, பாவையை ஆட்டுபவருமாவார்.

லிண்டா ஹட்சியன் தழுவல் குறித்த தம் நூலில் (2006) சொல்லல், காட்டல், ஊடாடல் என மூவகை ஈடுபாட்டைப் பிரித்துக் காட்டுகிறார். நூல் நாடகமாவதைச் சொல்லலிலிருந்து காட்டலுக்குப் பெயர்வதாகவே பெரும்பாலும் கொள்வர். கார்லின் நூலோ ஊடாடலிலிருந்து காட்டலுக்குப் பெயர்கிறது. அமெரிக்கப் படநூல்களின் வரலாற்றை எழுதிய பார்பரா பேடர், பக்கம் புரளும் கணத்தின் நாடகத் தன்மையைப் படநூற் கலையின் அடிப்படைகளுள் ஒன்றாக 1976-லேயே சுட்டினார். அந்நாடகத்தை நடத்துவது குழந்தையின் கை. மேடை அதனைக் குழந்தையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வாங்கியதற்கு ஈடாக எதைத் தருகிறது என்பதே தழுவலை மதிப்பிடும் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மெர்மெய்ட் தியேட்டர் இக்கதையைப் புற ஊதா ஒளியில் நிகழ்த்துகிறது. இருண்ட மேடையில் ஒளிரும் பாவைகள் மட்டுமே தெரிகின்றன. கருப்பு உடையணிந்த கலைஞர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காட்சியின் அழகு மறுக்கவியலாதது. புழு எவரும் தொடாமல் தானே ஊர்கிறது என்னும் மாயம் முழுமையாக நிறைவேறுகிறது. ஆனால் நூலில் புழுவை நகர்த்தியது விரல் என்பதை அறிந்த குழந்தைக்கு, இம்மாயம் பழைய உரிமையொன்றை நீக்கிவிடுகிறது.

ஜோனதன் ராக்கஃபெல்லர் உருவாக்கி 2015-இல் சிட்னியில் அரங்கேறிய ஆக்கம் 75 பாவைகளைக் கொண்டது. கார்லின் தூரிகைத் தடங்களைப் பாவைகளின் மேற்பரப்பிலேயே காணலாம். அதன் விளம்பரங்கள் முன்னிறுத்துவதும் இவ்வொற்றுமையையே. எனினும் இதைவிட முதன்மையானதாக யான் கருதுவது, கலைஞர்கள் மறைக்கப்படாமல் பாவையைத் தாங்கியபடி மேடையில் தெரிகின்றனர் என்பதாகும். புழுவுக்குப் பின்னால் ஒரு கை உண்டு என்பதை இவ்வாக்கம் ஒளிக்கவில்லை.

இதிலிருந்து, தெரியும் கை நன்று, மறைந்த கை தீது என முடிவு கட்டலாகாது. நம் தோற்பாவைக்கூத்தில் கலைஞர் திரைக்குப் பின்னால்தான் இருக்கிறார். ஆயினும் பாத்திரங்களுக்கெல்லாம் அவர் நேரடியாகக் குரல் கொடுப்பதால், அவையின் சிரிப்புக்கேற்பக் காட்சியை நீட்டவும் குறுக்கவும் அவரால் இயலும். எனவே கை தெரிகிறதா என்பதைவிடக் குரல் காத்திருக்கிறதா என்பதே கூர்மையான வினா. ராக்கஃபெல்லரின் ஆக்கத்தில் கலைஞர்களே மேடையில் கதை சொல்கின்றனர். மெர்மெய்ட் ஆக்கத்தில் கதை பதிவு செய்த குரலில் ஒலிக்கிறது. குடும்பமாக வரும் அவையில் இவ்வேறுபாடு பெரிது. வீட்டில் மடியில் அமர்த்தி வாசித்த தாயோ தந்தையோ, 'செவ்வாய்க்கிழமை' என்றதும் நிறுத்தி, மீதியைக் குழந்தை சொல்லட்டும் என்று விட்டவர்கள். அந்நிறுத்தம் நூலில் அச்சாகவில்லை, வாசிப்பில் பிறந்தது.

இரு ஆக்கங்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சில நிமிடங்களில் வாசித்து முடியும் கதை ஒரு முழு நிகழ்ச்சியை நிரப்பாது என்பதால், கார்லின் பிற கதைகளும் உடன் சேர்க்கப்படுகின்றன. நடைமுறைத் தேவையை உணரலாம். ஆனால் ராக்கஃபெல்லரின் வரிசையில் புழுவின் கதை நான்காவதாக, இறுதியில் வருகிறது. அதற்குள் நான்கு வயதுக் குழந்தை களைத்திருக்கும். 'தி வெரி லோன்லி ஃபயர்ஃபிளை' (1995) நூலின் இறுதிப் பக்கத்தில் மின்மினிகள் உண்மையாகவே ஒளிர்ந்தமை நூலுலகில் வியப்பு. விளக்குகளால் இயங்கும் மேடையில் அது எளிதாகவே கடந்துபோகிறது.

கூட்டுக்குள் புழு தங்கும் பகுதியே மிகக் கடினமானது. இரு வாரங்களுக்கு மேற்பட்ட காலத்தை நூல் ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பெரிய பழுப்புநிறக் கூட்டை மட்டும் காட்டி நிற்கிறது. அடுத்த பக்கத்தை எப்போது புரட்டுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். மேடையில் அம்முடிவு கலைஞருடையது. அவ்விடைவெளியில், நூலை மனப்பாடமாக அறிந்த குழந்தையொன்று 'வண்ணத்துப்பூச்சி!' என்று முந்திக்கொண்டு கூவக்கூடும். நேரில் கதை சொல்பவர் அக்குரலுக்கு இடம் கொடுத்துவிட்டுத் தொடரலாம். பதிவு செய்த குரல் அதன் மீதே பேசிக்கொண்டு செல்லும்.