யாருக்குப் போய்ச் சேர்ந்தது அந்தச் செய்தி?

2008 நவம்பர் 26, இரவு 10 மணிக்குச் சற்று முன். மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில், வெளியூர் வண்டிக்காக மூட்டை முடிச்சுகளோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களை இரண்டு பேர் சுடத் தொடங்கினார்கள். நடைமேடைகளைப் பார்த்தபடி இருக்கும் கண்ணாடி அறையில் ரயில் அறிவிப்பாளர் ஒருவர் பணியில் இருந்தார். சத்தம் கேட்டதும் குண்டு வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு துப்பாக்கியோடு வருகிறவர்களைக் கண்ணால் பார்த்தார். அவர் மைக்கை விட்டு எழவில்லை. முன்வாசல் பக்கம் வராதீர்கள், பின்பக்கமாக வெளியேறுங்கள் என்று இந்தியிலும் மராத்தியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அறையை நோக்கியும் குண்டு பாய்ந்தது. அந்த நிலையத்தில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் புறநகர் வண்டிகளில் வந்து இறங்கியவர்களும் நேராகத் துப்பாக்கி முனைக்கே நடந்திருப்பார்கள்.

அதே இரவில் அதே நகரத்தில் இன்னும் பல மைக்குகள் பேசத் தொடங்கின. தாக்குதல்காரர்கள் புகுந்த தாஜ் ஓட்டல், ஓபராய், நரிமன் இல்லம் ஆகிய மூன்று இடங்களின் முன்னால் தொலைக்காட்சி கேமராக்கள் வரிசைகட்டின. ஏறத்தாழ 60 மணி நேரம் நாடே திரையை விட்டு நகரவில்லை. 10 பேர் நடத்திய தாக்குதலில் 166 பேர் மாண்டார்கள்.

தாக்குதலுக்குப் பிறகு ஊடகமும் மக்களும் காட்டும் எதிர்வினையை உணர்ச்சியின் வேகத்தை வைத்து எடைபோடுவது நம் வழக்கம். கொதித்தெழுந்தால் தேசப்பற்று, நிதானமாகப் பேசினால் கோழைத்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். எனக்கு அந்த ரயில்நிலைய அறிவிப்பாளர்தான் அளவுகோல். சொன்ன சொல் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அதனால் யார் பிழைத்தார்கள், யார் பலன் அடைந்தார்கள்? இந்தக் கேள்விகளை வைத்து 26/11-இன் எதிர்வினைகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

முதலில் நேரலை. ஊடகத்தின் மீது வைக்கப்படும் மிகப் பெரிய குற்றச்சாட்டு இதுதான். கமாண்டோக்கள் நரிமன் இல்லத்தின் மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியாக இறங்கியதை நாம் வீட்டிலிருந்தே பார்த்தோம். தாக்கியவர்களைப் பாகிஸ்தானிலிருந்து தொலைபேசியில் இயக்கியவர்களும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவான உரையாடல்கள் நீதிமன்றத்தின் முன் வந்தன. வெளியே நடப்பதை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்து உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னது அவற்றில் தெளிவாகத் தெரிகிறது. தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப்பின் வழக்கில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் சி.கே. பிரசாத்தும் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஊடகம் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற வாதத்துக்கே அந்த ஒளிபரப்பு பெருந்தீங்கு செய்துவிட்டது என்றார்கள்.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்கிறது. நேரலையால் பாதுகாப்புப் படையினர் யாராவது இறந்தார்களா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்கள் வேலை கடினமாகவும் ஆபத்தாகவும் ஆனது என்பதில் ஐயமில்லை. "தொலைக்காட்சிதான் கமாண்டோக்களைக் கொன்றது" என்று போகிற போக்கில் சொல்பவர்கள் நீதிமன்றமே சொல்லத் துணியாததைச் சொல்கிறார்கள். ஊடகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. உள்ளே சிக்கியவர்களின் உறவினருக்குத் தகவல் தர அரசிடம் ஏற்பாடு இல்லை. எதைக் காட்டலாம், எங்கே நிற்கலாம் என்று கேமராக்காரருக்குச் சொல்ல ஆள் இல்லை. தில்லியை அடுத்த மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை வந்துசேர விடிந்துவிட்டது. பழைய துப்பாக்கியோடும் வெறும் லத்தியோடும் காவலர்கள் எதிரே நின்றார்கள். இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தது பத்திரிகைகளால்தான். பிறகு சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையம் அமைந்ததற்கும் அந்த வெளிச்சம் ஒரு காரணம்.

ரயில் முனையத்துக்குள் மறைந்து நின்று படமெடுத்த செபாஸ்டியன் டிசோசாவையும் இங்கே மறக்கக் கூடாது. தோளில் பையும் கையில் துப்பாக்கியுமாக கசாப் நடந்துவரும் அவர் படம் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியமானது. அந்தப் படம் நீதிக்குப் போய்ச் சேர்ந்தது. கயிற்றில் இறங்கும் வீரரின் நேரலை கொலைகாரரின் எஜமானர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டும் துணிச்சலான வேலைதான், ஆனால் இரண்டாவதை மணிக்கணக்கில் தாமதித்துக் காட்டியிருந்தால் நமக்கு எந்த இழப்பும் வந்திருக்காது. நேரலை விஷயத்தில் ஊடகத்தின் குற்றம் நிரூபணமானது என்பதே என் முடிவு. அதன் பெருங்குற்றம் அது அல்ல என்பதும் என் முடிவு.

பெருங்குற்றம் என்று நான் கருதுவது, சாவுக்குச் சாவு வைத்த வேறுபாடு. ஒரே இடத்தில் அதிகம் பேர் இறந்தது ரயில் முனையத்தில். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஊருக்குப் போகக் காத்திருந்த எளியவர்கள். ஆனால் தாக்குதலின் சின்னமாக நம் மனத்தில் பதிந்தது தாஜின் குவிமாடத்திலிருந்து எழும்பிய புகை. முற்றுகை அங்கே நீடித்தது, முனையத்தில் சீக்கிரம் முடிந்தது என்பது உண்மை. அந்த நேரக் கணக்கு முதல் மூன்று நாளுக்குச் சரி. அடுத்து வந்த வாரங்களில் தாஜில் உணவருந்திய நினைவுகளைப் பிரபலங்கள் திரையில் பகிர்ந்துகொண்டபோது, பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பிணமாகத் திரும்பியவர்களின் வீட்டுக்கு எத்தனை கேமரா போனது?

முற்றுகை நீடித்த நவம்பர் 27 அன்றுதான் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டெல்டாவில் நெல் வயல்கள் ஏரியாகக் கிடந்தன. தேசியத் தொலைக்காட்சியில் அதற்கு இடமே இல்லை. பயங்கரவாதத்தையும் புயலையும் ஒன்றாக்க நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாட்டின் கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதை யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த மூன்று நாளில் அது துல்லியமாகத் தெரிந்தது.

அடுத்து மக்கள். டிசம்பர் 3 அன்று கேட்வே ஆஃப் இந்தியா முன் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவத்தியோடு கூடினார்கள். பொதுவாகத் தெருவுக்கு வராத வசதியான மும்பை அன்று தெருவுக்கு வந்தது. கோபம் நியாயமானது. மத்திய உள்துறை அமைச்சர், மகாராஷ்டிர முதல்வர், துணை முதல்வர் மூவரும் பதவி விலக நேர்ந்தது. ஆனால் அந்தக் கோபம் விரைவிலேயே "அரசியல்வாதிகளே வேண்டாம்", "வரி கட்டாதே", "பாகிஸ்தான் மீது குண்டு போடு" என்று திசைக்கொன்றாகச் சிதறியது. ஐந்து மாதம் கழித்து, 2009 ஏப்ரல் 30 அன்று மும்பை வாக்களித்தது. 40 சதவீதத்தைத்தான் சற்றே தாண்டியது வாக்குப்பதிவு. 2004 தேர்தலை விடவும் அது குறைவு. மெழுகுவத்தி ஏற்றிய கைகளில் பல, வாக்குச்சாவடி வரை நீளவில்லை.

அதற்குள் கோபத்தின் பலனை அரசு அறுவடை செய்துகொண்டது. தாக்குதல் நடந்து மூன்றே வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில், தேசியப் புலனாய்வு முகமைச் சட்டமும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத் திருத்தமும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறின. குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒருவரை 180 நாள் வரை காவலில் வைக்க அத்திருத்தம் வழி செய்தது. அது தேவையா என்று ஊன்றிக் கேட்க அன்று ஊடகத்துக்கும் நேரமில்லை, கூட்டத்துக்கும் பொறுமையில்லை.

அவசரக் கோபத்துக்கு விலை கொடுப்பது யார் என்பதற்கு அதே நகரத்தில் இன்னொரு வழக்கு இருக்கிறது. 2006 ஜூலை 11 மாலை, புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180 பேருக்கு மேல் இறந்தார்கள். குற்றவாளிகள் பிடிபட்டார்கள், வழக்கு முடிந்தது என்று அன்று செய்தி வந்தது. தண்டனை பெற்ற 12 பேரையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. எப்படி முடிந்தாலும், 19 ஆண்டு சிறையில் கழித்தவர்களுக்கும், உண்மைக் குற்றவாளி யாரென்று கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் அன்றைய தலைப்புச் செய்திகள் என்ன பதில் சொல்லும்?

பொய்யின் கணக்கும் இருக்கிறது. சிறையில் கசாப் மட்டன் பிரியாணி கேட்டான் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. பயங்கரவாதிக்கு விருந்து வைக்கிறோம் என்ற கோபம் மேடைதோறும் முழங்கியது. அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞர் உஜ்வல் நிகம் 2015-இல் அதைத் தானே புனைந்ததாகச் சொன்னார். கசாப் மீது ஊடகங்களில் இரக்கம் எழுவதைத் தடுக்கவே அப்படிச் சொன்னாராம். சிறை அதிகாரி ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. இறந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பொய் எந்த நன்மையும் செய்யவில்லை.

இத்தனைக்கும் நடுவே என்னைத் தலைவணங்க வைக்கும் ஓர் எதிர்வினை உண்டு. கொல்லப்பட்ட ஒன்பது தாக்குதல்காரர்களின் உடல்களைத் தங்கள் மண்ணில் புதைக்க விடமாட்டோம் என்று மும்பை முஸ்லிம் அமைப்புகள் மறுத்தன. மரைன் லைன்ஸ் கபரஸ்தானின் கதவு திறக்கவில்லை. அந்த உடல்கள் ஓராண்டுக்கும் மேல் பிணவறையில் கிடந்தன. பக்ரீத் அன்று பலர் கறுப்புப் பட்டை அணிந்து தொழுதார்கள். அப்பாவி முஸ்லிம்கள் தங்கள் விசுவாசத்தை இப்படி மெய்ப்பிக்க வேண்டிய நிலையே ஓர் அநீதி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 1992-93 மதக் கலவரத்தைக் கண்ட நகரம் இம்முறை தன் அண்டை வீட்டுக்காரன் மீது கை வைக்கவில்லை. தாக்கியவர்கள் எதிர்பார்த்த இரண்டாவது வெடிப்பு நடக்கவே இல்லை. அந்த மூன்று நாளில் அவர்கள் அடைந்த உண்மையான தோல்வி இதுதான் என்பேன்.

பாடம் கற்றோமா? 2015-இல் விதி வந்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக் கூடாது, அரசு அதிகாரி அவ்வப்போது தரும் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு மத்திய அரசு இதை மீண்டும் நினைவூட்டியது. அடுத்த மாதமே சில சேனல்கள் கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டதாக முழங்கின. அப்படி எதுவும் நடக்கவில்லை. கேமராவை எங்கே வைக்கக் கூடாது என்று விதி சொல்லிவிடும். நாக்கை அடக்க எந்த விதியாலும் முடியாது. தகவல் முழுவதும் அதிகாரி வாயிலிருந்தே வர வேண்டும் என்றால், 2008-இல் வெளிவந்த அரசின் தவறுகள் இனி வெளிவருமா என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. நேரலைத் தடையை நான் ஏற்கிறேன். அந்தத் தடை கேள்விக்கும் தடையாக மாறுவதை ஏற்கமாட்டேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. 26/11-க்குப் பின் உரத்துப் பேசியவை பெரும்பாலும் தவறின. நேரலை எதிரிக்கு உதவியது, கோபம் அரசுக்கு உதவியது, பொய் யாருக்கும் உதவவில்லை. நின்றவை மூன்று: ஒரு மைக், ஒரு புகைப்படம், மூடியே இருந்த ஒரு கபரஸ்தான் கதவு. மூன்றிலும், தான் செய்வது யாருக்குப் போய்ச் சேரும் என்ற தெளிவு இருந்தது. அடுத்த முறை திரையின் முன் உட்காரும்போது, அன்று இந்தியிலும் மராத்தியிலும் வழி சொன்ன அந்தக் குரலை நினைத்துக்கொள்வோம். நாம் கேட்கும் குரல் வழி சொல்கிறதா, வெறுமனே சத்தம் போடுகிறதா என்பது அப்போது நமக்கே தெரிந்துவிடும்.