மாமியாருக்கு உதவி, மருமகளுக்கு உரிமை

2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே பிரதியைக் கையில் வைத்திருந்தார்கள். சிலர் தாங்களே வாசித்தார்கள். பலருக்கு மகளோ, முகாமில் உட்கார்ந்திருந்த தன்னார்வலரோ வாசித்துக் காட்டினார்கள். நம் காலத்தில் எந்த நாவலுக்கும் இத்தனை வாசகர்கள் கிடைக்கப் போவதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தைத்தான் சொல்கிறேன். கவிதையில் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் சண்டை போடுகிற நாம், இந்தப் பிரதியை அதன் விதிகளோடு சேர்த்து ஏன் வரி வரியாகப் படிக்கவில்லை? இங்கே ஒரு சொல் மாறினால் ஒரு வீட்டின் மாதக் கணக்கே மாறுகிறது.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். நலத்திட்டங்களுக்கு நம் அரசுகள் வைத்த பெயர்களை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு சின்ன சமூக வரலாறு. 1962இல் ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயர். 2006க்குப் பிறகு வீடு தேடி வந்த வண்ணத் தொலைக்காட்சி, இலவசம். 2011இல் ஆட்சி மாறியதும் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் ‘விலையில்லா’ பொருட்கள் ஆயின. அந்தச் சொல்லை நிறையப் பேர் கிண்டலடித்தார்கள். எனக்கு அது கிண்டலுக்குரியதாகப் படவில்லை. ‘இலவசம்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருந்த இளக்காரத்தை அரசுக்குள் யாரோ கவனித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2022 ஜூலையில் பிரதமர் ‘ரேவடி’ கலாச்சாரம் என்று பேசினார். ரேவடி என்பது வடக்கே தின்கிற எள்ளு மிட்டாய். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ‘உரிமை’ வந்தது. இது உதவித்தொகை இல்லை, உரிமைத் தொகை என்று முதல்வர் ஸ்டாலின் அழுத்திச் சொன்னார். வீட்டுக்குள் கூலியில்லாமல் பெண் செய்கிற வேலைக்கு அங்கீகாரம் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம்.

பெரிய வார்த்தை. அதற்கு நியாயம் செய்கிற ஓர் இடமும் விதிகளில் இருக்கிறது. ரேஷன் கார்டில் ஆண்தான் குடும்பத் தலைவர் என்று இருந்தாலும், அவர் மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்கிறது விதி. திருமணமாகாத தனித்த பெண்களும், கைம்பெண்களும், திருநங்கைகளும் தலைமையேற்கிற குடும்பங்களும் கணக்கில் வருகின்றன. மொத்தப் பிரதியிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அட்டையில் அச்சாகியிருக்கும் அதிகாரத்தை அமைதியாகத் தள்ளிவைத்துவிட்டு, அந்த வீட்டை உண்மையில் நடத்துகிறவரைப் பார்த்துப் பேசுகிறது.

ஆனால் அடுத்து வருகிற பகுதியில் குரல் மாறிவிடுகிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கணும். நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர், அதற்கு மேல் போகக் கூடாது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் எரிந்திருக்கக் கூடாது. கார் இருக்கக் கூடாது. ஒரு அட்டைக்கு ஒரு பெண்தான். தலைப்பு ‘இது உன்னுடையது’ என்கிறது, உள்ளே இருப்பதோ ‘நீ தகுதியானவள்தானா?’ என்கிற விசாரணை.

பணக்காரங்களுக்கு எதுக்கு ஆயிரம் ரூபா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கஜானாவில் இருக்கிற பணத்தை இல்லாதவர்களுக்கு முதலில் தருவதில் தவறே இல்லை. அப்படியென்றால் அதற்கு வறுமை நிவாரணம் என்றே பெயர் வைத்திருக்கலாம். வீட்டு வேலைக்கான அங்கீகாரம் என்று சொல்லிவிட்டு மின் மீட்டரைப் பார்க்கப் போவதில்தான் சிக்கல். 3,601வது யூனிட்டில் ஒரு பெண் துவைத்த துணி, தேய்த்த பாத்திரம் எல்லாம் உழைப்பு இல்லையென்று ஆகிவிடுமா?

மாமியார் விஷயத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் வீட்டில் உரிமைத் தொகை கிடையாது என்றுதான் முதலில் விதி. 2023 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள்: அதே வீட்டில் பென்ஷன் வாங்காத, தகுதியுள்ள வேறொரு பெண் விண்ணப்பிக்கலாம். நல்ல மாற்றம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரே அடுப்படியில் நிற்கிற இரண்டு பெண்களில் மருமகளுக்கு வருவது உரிமை, மாமியாருக்கு வருவது உதவி. நாற்பது வருஷம் அதே அடுப்பில் வெந்த ஆயாவின் உழைப்புக்கு அரசின் அகராதியில் இன்னும் பழைய சொல்தான்.

இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து ஆரம்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம். ரயிலில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் அடுத்தது தடா, ஆந்திரா. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிற ஜனங்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. அக்கா தங்கை இரண்டு பேரில் ஒருத்தி ஆரம்பாக்கத்திலும் இன்னொருத்தி தடாவிலும் வாழ்க்கைப்பட்டு, இருவருக்கும் வயசாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை முதல் தேதி தடாக்காரிக்கு மாதப் பென்ஷன் 4,000 ரூபாய் என்று ஆனது. ஆரம்பாக்கத்து அக்காவுக்கு அதே மாதம் 1,200.

அந்தப் பக்கத்துப் பெயர்களையும் கவனியுங்கள். ஜெகன் ஆட்சியில் அது ‘பென்ஷன் கானுக’. கானுக என்றால் அன்பளிப்பு, நம் காணிக்கைக்குச் சொந்தக்காரச் சொல். சந்திரபாபு நாயுடு திரும்பி வந்ததும் அது மறுபடியும் ‘என்டிஆர் பரோசா’. பரோசா என்றால் நம்பிக்கை. ஆட்சி மாறினால் கொடுக்கிற தலைவரின் பெயரும் மாறுகிறது, கொடுக்கிற பாவனையும் மாறுகிறது. கையில் வருகிற தொகை பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த ஆட்சி வந்தாலும் இது என் பணம் என்று சொல்கிற பலத்தை இந்த இரண்டு சொற்களும் தடாக்காரிக்குத் தரவில்லை. சொல்லில் நாம் முன்னால் நிற்கிறோம், தொகையில் அவர்கள். கேட்டு வாங்குகிற பலம் என்று பார்த்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம்.

ஆரம்பாக்கத்தைச் சுற்றி இந்தப் பிரதிக்கு வெளியே இருப்பவர்களும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு என்று ஒவ்வொரு காகிதமும் தனித்தனிப் போராட்டம். சூளை வேலைக்காக மாதக்கணக்கில் ஊர் மாறுகிறவர்களிடம் படிவம் முதலில் கேட்பதே கார்டு நம்பரை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கு, 2020 அக்டோபரிலிருந்து, ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ மூலம் இங்கேயே அரிசி வாங்க வழி உண்டு. அவரோடு இங்கே குடும்பம் நடத்துகிற மனைவியின் வீட்டு வேலைக்கு அந்த வழி இல்லை. நம் ரேஷன் அரிசி கள்ளத்தனமாகவாவது எல்லை தாண்டிப் போய்விடுகிறது. உரிமைக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

அப்படியானால் உரிமையை எப்படித்தான் எழுதுவது? மாதிரிகள் நம்மிடமே இருக்கின்றன. 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை எழுதியவர்கள், வேலை கேட்ட 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று எழுதினார்கள். நடைமுறையில் அந்தப் படி கைக்கு வந்தவர்கள் அபூர்வம். ஆனாலும் அரசு தவறினால் என்ன ஆகும் என்கிற கேள்விக்கு அந்தப் பிரதியில் விடை இருந்தது. நம் முகாம்கள் நடந்த அதே 2023 ஜூலையில் ராஜஸ்தான் சட்டமன்றம் குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஓய்வூதியம் ஆண்டுக்கு 15 சதவீதம் தானாக உயரும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். சில மாதங்களில் அங்கே ஆட்சி மாறியது. சட்டம் நடைமுறையில் எவ்வளவு நிலைத்தது என்பது வேறு விவாதம். நான் சொல்வது வாக்கிய அமைப்பைப் பற்றி. அங்கே கடன்பட்டவர் அரசு. நம் படிவத்தில் நிரூபிக்க வேண்டியவர் எப்போதும் அந்தப் பெண்.

நம் திட்டத்திலும் ஓர் இடத்தில் அந்த அமைப்பின் சாயல் உண்டு. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லி குறுஞ்செய்தி வந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். ‘ஏன் இல்லை?’ என்று ஒரு பெண் கேட்கவும், ஓர் அதிகாரி பதில் சொல்லவும் அங்கேதான் இடம் வருகிறது. தலைப்பில் இருக்கிற சொல்லுக்கு அந்த இடத்தில்தான் கொஞ்சம் உயிர் வருகிறது.

அதை இன்னும் நாலு வரி நீட்டினால் போதும் என்பது என் கட்சி. இத்தனை நாளுக்குள் பதில் வரும். வராவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவை சேரும். விலைவாசி ஏறினால் தொகை தானாக ஏறும். நேரில் விசாரிக்காமல் யாருடையதையும் நிறுத்த முடியாது. இந்த நாலையும் அரசாணையில் இல்லாமல் சட்டமன்றத்தில் சட்டமாகவே எழுத வேண்டும், முதியோர் உதவித்தொகையையும் சேர்த்து. அதுவரை ஆரம்பாக்கத்தில் யாரும் ‘உரிமைத் தொகை வந்துச்சா’ என்று கேட்கப் போவதில்லை. ‘ஆயிரம் ரூபா வந்துச்சா’ என்றுதான் கேட்பார்கள். பெயரைவிட எதை நம்பலாம் என்று ஜனங்களுக்குத் தெரியும்.