இருபத்திரண்டு வளைவும் ஆறு சதவீதமும்

கல்லாற்றில் உருண்டைக் கற்களுக்கு மேலே தண்ணீர் சலசலக்கிறது. அதைப் பார்க்காமல் பேட்டரி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 61 சதவீதம். இங்கிருந்து பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர் உயரம்.

பின்சீட்டில் மாமனார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "மாப்ளே, கரண்டு வண்டி இந்த ஏத்தம் ஏறுமா?"

ஏறியது! சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல. ஆனால் ஏற்றத்தில் எந்த வித்தையும் பலிக்காது. ஆட்களோடு 1,600 கிலோ வண்டியை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் தூக்க நாலு யூனிட்டுக்கு மேல் ஆகும். மெதுவாகப் போனாலும் அந்தக் கணக்கு குறையாது. வளைவுக்கு வளைவு பெடலை அழுத்தி விடாமல், ஒரே சீராக ஏறினேன். உச்சியில் 38. எங்கள் நெக்ஸானின் பேட்டரியே 30 யூனிட்தான். வயிறு லேசாகக் கலங்கியது, மறைப்பானேன்.

இறக்கத்தில்தான் அற்புதம்! ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையைத் தட்டி ரீஜெனை, அதாவது வேகத்தைக் கரண்டாக்கும் பிரேக்கை, மூன்றாம் நிலையில் வைத்தேன். பெடலிலிருந்து காலைத் தளர்த்தியதும் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வண்டி அடங்கியது. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. பெரும்பாலான வளைவுகளில் பிரேக்கைத் தொடவே இல்லை.

"ஏறின கியர்லதான் இறங்கணும்னு கிளீனர் பசங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்வேன். இது அதேதானே?" என்றார் மாமா. அதேதான். லாரியில் அந்த வேகம் இஞ்சின் சூடாக வீணாகும். இதில் ஒரு பகுதியாவது வரவாகிறது. மாமாவைவிடத் தெளிவாக எந்த ஷோரூமிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

சமதளத்தில் கதை வேறு. விதுரா, நெடுமங்காடு பக்கம் ரீஜெனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தூரத்தில் பஸ் நிற்பதைப் பார்த்ததுமே காலை எடுத்து வண்டியை உருளவிடுவேன். திரும்பிவரும் கரண்டில் எப்போதும் கழிவு உண்டு. செலவழிக்காத கரண்டில் கழிவே இல்லை. இன்னொன்று: மலையுச்சியில் தங்கினால் முழுக்க சார்ஜ் ஏற்றாதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜென் கரண்டுக்கு இடமிருக்காது. பிடிப்பு குறைந்து பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும்.

மீண்டும் கல்லாறு. மீட்டரில் 44! ஆறு சதவீதம் மலை திருப்பித் தந்தது. நான் கைதட்டாத குறை. மாமா மீட்டரைப் பார்க்கவில்லை. இறங்கி, முன்சக்கரத்தருகே குனிந்து உள்ளங்கையைக் காட்டினார். லாரிக்காரர் பழக்கம்.

"சூடே இல்லியே மாப்ளே. சாவியக் கொடு, ஒரு தடவ நான் ஏறி இறங்கிப் பாக்கேன்."

"திரும்ப ஏறினா 23 சதவீதம் போயிரும் மாமா."

அவர் அதற்குள் டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.