பயிற்சி முடிந்த மறுநாள்

மனிதவள மேம்பாடு பற்றி எதைப் படித்தாலும் எனக்கு ஒரு படிவம்தான் ஞாபகத்துக்கு வரும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முடியும்போது ஒரு கருத்துப் படிவம். பயிற்சியாளர் எப்படி, அறை எப்படி, சாப்பாடு எப்படி? பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் எல்லாத்துக்கும் 5 போட்டுக் கொடுத்துட்டு வந்தேன். பிறகு, பயிற்சி பெரும் வெற்றி என்று அறிக்கை வந்தது. அந்த வெற்றியில் என்னோட அஞ்சும் இருக்கு.

பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிடலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதினார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா? ஏதாவது கற்றாரா? வேலை செய்யும் விதம் மாறியதா? நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா? எங்கள் படிவம் முதல் படியைத் தாண்டவே இல்லை.

இந்தியாவில் இந்தத் துறை இப்படித் தொடங்கவில்லை. 1970களின் நடுவில் உதய் பரீக், டி.வி. ராவ் என்ற இரு பேராசிரியர்கள் லார்சன் அண்ட் டூப்ரோவுக்கு வகுத்துக் கொடுத்த திட்டத்தில் பயிற்சி ஒரு பகுதி மட்டுமே. வேலைத்திறன் மதிப்பீடு, அதைப் பற்றி ஊழியரோடு உட்கார்ந்து பேசுவது, அடுத்த பொறுப்புக்குத் தகுதியைக் கண்டறிவது, பணி வளர்ச்சி எல்லாம் அதோடு கோக்கப்பட்டிருந்தன. நாம் பல இடங்களில் பயிற்சியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டோம். காரணம் எளிது: இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்ட வசதி.

இதற்கு மனிதவளத் துறையை மட்டும் திட்டுவது நியாயமில்லை. உற்பத்தி இலக்கு என்னாச்சுன்னு மேலாளரைத் தினமும் கேட்கிறோம்; உங்க ஆளுங்களை வளர்த்தீங்களான்னு யார் கேட்கிறார்கள்?

என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் நிஜமாகவே ஆர்வமாகக் கற்றார். திரும்பி வந்ததும் அதே நாற்காலி, அதே வேலை. கற்றதைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். அவர் கற்ற அதே வேலைக்கு அப்புறம் வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். பயிற்சிக் கணக்கில் அவர் இன்னும் வெற்றிதான்.

அதனால் எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் படித்தாலும் பயிற்சி மணிக்கணக்கை நான் தாண்டிப் போய்விடுகிறேன். நான் தேடுவது ஒரே ஒரு பதில்: பயிற்சி முடிந்த மறுநாள் அவருக்கு என்ன வேலை கொடுத்தீங்க?