காவல்துறைப் புகார் ஆணையம்: தமிழ்நாட்டில் குடிமக்களின் இடம்

காவலர் மீதான புகாரைக் காவல்துறையே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா என்ற கேள்வி இந்தியாவில் மிகப் பழையது. அதற்கு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று ஒரு விடை தந்தது. உத்தரப் பிரதேசத்தில் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த பிரகாஷ் சிங் 1996-இல் தொடுத்த பொதுநல வழக்கின் தீர்ப்பு அது. அதில் இடப்பட்ட ஏழு கட்டளைகளில் ஒன்று, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் புகார் ஆணையங்கள் அமைக்க வேண்டும் என்பது.

யார் தலைமை வகிப்பது என்பதையும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. உறுப்பினர்களில் பொதுச் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இடம்பெறலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். காவல் மரணம், கொடுங்காயம், காவலில் பாலியல் வன்கொடுமை போன்றவை மாநில ஆணையம் விசாரிக்க வேண்டியவை. மிரட்டிப் பணம் பறித்தல், நிலம் அல்லது வீட்டை அபகரித்தல் ஆகியவையும் மாவட்ட ஆணையத்தின் வரம்பில் வரும்.

தமிழ்நாடு இதற்காக 2013-இல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. பெயர் தீர்ப்பில் உள்ளதுதான். ஆனால் நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் வேறு. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர். காவல்துறைத் தலைமை இயக்குநர் உறுப்பினர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உடன் அமர்கிறார். ஓர் ஆய்வாளர் மீது கொடுக்கும் புகார் கடைசியில் அவருடைய மேலதிகாரியின் மேசைக்கே போய்ச் சேர்கிறது. ஆட்சியர் இருக்கிறாரே எனலாம். ஊர்வலம், திருவிழா, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் கண்காணிப்பாளரை நம்பி நிற்பவர் அவர். நாள்தோறும் சேர்ந்து வேலை செய்பவரின் துறையை அவர் எப்படித் தயக்கமின்றி விசாரிப்பார்? துறை விசாரணை என்று முன்பே ஒன்று இருந்தது. இது அதற்கு மற்றொரு பெயர்ப்பலகை.

அதிகாரிகள் என்றால் கோப்பு உடனே நகரும், ஓய்வுபெற்ற நீதிபதிக்கு ஆளும் இல்லை அலுவலகமும் இல்லை என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சொந்தப் புலனாய்வாளர் இல்லாத ஆணையம் காவல் நிலையம் அனுப்பும் அறிக்கையையே நம்ப வேண்டிவரும். ஆனால் அதற்குத் தீர்வு புலனாய்வாளர்களைத் தருவது. கேரளத்தின் 2011 காவல் சட்டம் மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியையே தலைவராக்கியிருக்கிறது.

குடிமக்களைக் காவல்துறை பக்கத்தில் சேர்க்கத் தமிழ்நாடு தயங்கியதே இல்லை என்பதுதான் இதில் விசித்திரம். 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இயக்கம் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. இளைஞர்கள் ரோந்து, போக்குவரத்து, திருவிழாக் கூட்டம் எனக் காவலர்களுக்குத் துணை நின்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அங்கே குடிமகன் உதவியாளன். கேள்வி கேட்கும் இடம் அவனுக்கு இல்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். தன்னார்வலர் சிலரும் அந்தக் காவல் நிலையத்தில் உடன் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தின் தரப்பில் அது மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே அரசு அந்த இயக்கத்துக்குத் தடை விதித்தது. அந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. சாட்சியங்களைக் காக்க, காவல் நிலையத்தை வருவாய்த்துறையினர் பொறுப்பில் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்த புகார் ஆணையத்தின் பெயர் அந்நாட்களில் யார் வாயிலும் வரவில்லை.

இன்றும் பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் நாடுவது மாநில மனித உரிமை ஆணையத்தை. அதன் பரிந்துரை வெறும் அறிவுரைதான் என்று அதிகாரிகள் வாதிட்டு வந்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. ஒரு தடை மட்டும் நீடிக்கிறது: சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் ஆணையம் விசாரிக்க முடியாது. அடிபட்டவர் பயம் தெளிந்து மனு எழுதப் பல நேரம் அதைவிடக் கூடுதல் காலம் ஆகிறது.