கனவும் ஒரு சாட்சியே

கனவு என்ற சொல் கலையுலகில் ஒலித்த மாத்திரத்தே முற்போக்காளர் முகஞ் சுளித்தல் வழமை. வாழ்க்கைக்கு அஞ்சி ஓடுவோரின் புகலிடமே கனவு என்பது நம்மிடை நிலவும் கருத்து. அது பெரும்பாலும் சரியானதே. ஆயினும், ஒரு படைப்பை அதற்கு ஒட்டப்பட்ட பெயரைக் கொண்டே தீர்ப்பிடுதல் விமர்சனமாகாது. மேலைநாட்டார் 'ட்ரீம் பொப்' என்றழைக்கும் இசைவகையின் சிறந்த தட்டுக்களுள் ஒன்றாகிய 'ஹெவன் ஓர் லாஸ் வேகாஸ்' என்பதை நாம் இங்கு எடுத்து நோக்குவது இதன் பொருட்டே.

இதனை ஆக்கியோர் 'கொக்டோ ட்வின்ஸ்' குழுவினர். ஸ்கொட்லாந்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகராகிய கிறேஞ்மவுத்தில் 1979இல் இக்குழு தோன்றியது. கிற்றார் வாசிக்கும் ரொபின் கத்ரியும் பாடகி எலிசபெத் பிரேசரும் அந்நகர்ப் பிள்ளைகள். தட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்ததும் அவ்வாண்டே. இத்தட்டு வெளியானது 1990 செப்டெம்பரில். நவம்பரில் அவர் பதவி துறந்தார். இடைப்பட்ட பதினோராண்டில் பிரித்தானியாவின் சுரங்கங்களும் ஆலைகளும் பலவாக மூடப்பட்டன. 1989இல் ஸ்கொட்லாந்து மக்கள்மீது தலைவரி சுமத்தப்பட்டது. இவற்றுள் எதையும் இத்தட்டின் பத்துப் பாடல்கள் பேசவில்லை.

அங்ஙனமாயின் அவற்றில் இருப்பது யாது? கத்ரியின் கிற்றார் எதிரொலிக் கருவிகளினூடே புகுந்து, தந்தியின் நாதமென இனங்காண முடியாதவாறு மூடுபனிபோற் பரவுகின்றது. பின்னர்ச் சேர்ந்த சைமன் ரேமண்டின் பாஸ் கிற்றார் அதற்கு நிலந் தருகின்றது. தாளத்தை இயந்திரமே தட்டுகின்றது. அனைத்துக்கும் மேலாகப் பிரேசரின் குரல் அடுக்கடுக்காய் எழுகின்றது. முந்திய தட்டுக்களிற் பொருளினும் ஒலியையே நாடிச் சொற்களைத் தெரிந்தவர் அவர். ஆங்கிலேயருக்கே அவை விளங்கவில்லை. இதிலோ சொற்கள் ஓரளவு தெளிந்துள்ளன.

சொல் விளங்காத பாட்டு மக்களுக்கு எதற்கு என வினவுவர். நியாயமான வினாவே. ஆனால், தாலாட்டும் தாயும் நாற்று நடும் பெண்களும் பொருளற்ற அசைகளை இசைக்கின்றனர். அவற்றுக்கு அகராதியிற் பொருள் தேடுவார் இல்லை. அவற்றை மக்கள் விரோதமென்பாரும் இல்லை. சொல்லுக்குள் அடங்காத உணர்வுக்கு வழிவிடுவதே அவ்வசைகளின் தொழில். பிரேசரின் குரல் புரிவதும் அத்தொழிலே.

அவ்வுணர்வு ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. பிரேசருக்கும் கத்ரிக்கும் 1989இல் குழந்தை பிறந்தது. ரேமண்டின் தந்தையாகிய இசையமைப்பாளர் ஐவர் ரேமண்ட் 1990இல் காலமானார். கத்ரியோ போதைப் பழக்கத்துள் அமிழ்ந்திருந்தார். பிறப்பும் இறப்பும் சிதைவும் ஒருங்கே சூழ்ந்த வேளையில் எழுந்த இசை இது. 'சொர்க்கமா, லாஸ் வேகாஸா' என்னும் பெயரே ஒரு வினா: நாம் துய்க்கும் இன்பம் மெய்யானதா, சூதாட்ட நகரின் மின்விளக்கு மயக்கமா? நுகர்வையே வாழ்வெனக் கற்பிக்கும் சமுதாயத்தில் இதனிலுங் கூரிய வினா இருத்தல் அரிது. '4ஏடி' என்னும் சுயேச்சைக் கம்பனி வெளியிட்ட இத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடத்தை எட்டியமைக்கு ஓசையின் இனிமை மட்டுமே காரணமென நாம் கருதவில்லை.

குறையும் உண்டு. இவ்விசையின் துயர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வினாவை எழுப்புகின்றதேயன்றி, அயலானும் அதே வினாவோடு விழித்திருக்கிறான் என்பதை உணர்த்தவில்லை. களைத்தவனைத் துயிலச் செய்து மறுநாள் வேலைக்கு அனுப்பும் சரக்காக இத்தகைய இசையைச் சந்தை மாற்றுவது இதனாலேயே எளிதாகின்றது.

கிறேஞ்மவுத்தில் 1924 முதல் இயங்கிய சுத்திகரிப்பு ஆலை 2025இல் தன் பணியை நிறுத்திற்று. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களின் கதையை இத்தட்டில் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் அத்தகைய நகரொன்றின் பிள்ளைகள் எத்துணை அழகுக்கு ஏங்கினர் என்பதற்கு இது சாட்சி. அவ்வேக்கத்தைப் பழித்தல் முற்போக்கன்று. அது தனியொருவரின் கனவாகவே முடிந்துவிடாது பலரின் கோரிக்கையாகும் வழியைக் காண்பதே நம் கடன்.